இரு பாறைகளுக்கிடையே ஒரு வாழ்வு

விராட்நகரில் வணிகம் செய்து செழித்திருந்த கிருஷ்ண பிரசாத் கொய்ராலா, தலைநகராகிய காத்மாண்டுவுக்கு ஒரு பொட்டலம் அனுப்பினார். நேபாளத்தின் பிரதமராகவும் உண்மையான அதிபதியாகவும் விளங்கிய சந்திர சம்சேர் ராணாவின் பெயருக்குச் சென்ற அந்தப் பொட்டலத்தில் பட்டும் இல்லை, பரிசிலும் இல்லை. மலைப்பகுதியிலிருந்து பிழைப்புத் தேடிச் சமவெளிக்கு இறங்கி வந்த ஏழைகள் உடுத்திக் கழித்த கந்தல்கள் இருந்தன. ஆள்வோர் அணியும் உடையையும் குடிகள் அணியும் உடையையும் அவரே ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்பது அனுப்பியவரின் எண்ணம். விளைவு விரைந்து வந்தது. சொத்துகள் பறிக்கப்பட்டன, கைது ஆணை பிறந்தது, குடும்பம் எல்லை கடந்து இந்தியாவுக்குள் தஞ்சம் புகுந்தது. 1914 செப்டம்பர் 8ஆம் நாள் காசியில் பிறந்த விசுவேசுவர பிரசாத் அப்போது சிறு குழந்தை.

பி.பி. என்ற இரண்டு எழுத்தால் ஒரு நாடே அறிந்த மனிதர் அக்குழந்தை. நேபாள மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் பிரதமர் அவர். நேபாளிச் சிறுகதையை மனத்தின் உள்ளறைகளுக்குள் அழைத்துச் சென்ற முன்னோடியும் அவரே. ஆட்சியில் இருந்தது பதினெட்டு மாதம். அந்த ஆட்சிக்காக அவர் கொடுத்த விலை எட்டாண்டுச் சிறையும் அதன்பின் நீண்ட நாடுகடந்த வாழ்வும்.

இவ்வளவும் ஒரு பூகோள உண்மையிலிருந்து கிளைத்தவை எனலாம். வடக்கே திபெத்து, அதன் பின்னே சீனம். மற்ற மூன்று புறமும் இந்தியா. இரு பாறைகளுக்கிடையே முளைத்த கிழங்கு என்று தன் நாட்டை உவமித்தவர், நவீன நேபாளத்தை உருவாக்கிய மன்னர் பிருதிவி நாராயண் ஷா. பதினெட்டாம் நூற்றாண்டின் உவமை அது. இருபதாம் நூற்றாண்டில் அக்கிழங்குக்கு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. உள்நாட்டில் மக்களாட்சி வேண்டும் என்போர், மக்களாட்சி நிலவும் தெற்குப் பாறையைச் சார வேண்டியிருந்தது. சாய்ந்தால் தன்னாட்சி தேயும். விலகினால் அரண்மனை விழுங்கும். பி.பி.யின் வாழ்க்கை முழுவதும் இந்த இடுக்கில் கழிந்தது.

ராணா குடும்பத்தின் ஆட்சி 1846இல் தொடங்கியது. மன்னர் அரண்மனையில் பெயருக்கு இருந்தார். பிரதமர் பதவி ராணாக்களுக்குள் பரம்பரைச் சொத்தாகக் கைமாறியது. பள்ளிக்கூடங்கள் அருகியும் நூலகங்கள் அஞ்சியும் வாழ்ந்த காலம். ஆதலால் நேபாளத்தின் அரசியலும் இலக்கியமும் எல்லைக்கு அப்பால் காசியிலும் டார்ஜிலிங்கிலும் கல்கத்தாவிலும் வளர்ந்தன. பி.பி. வளர்ந்ததும் அங்கேதான். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் 1934இல் இளங்கலைப் பட்டமும், பின்னர் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டமும் பெற்றார். சிலகாலம் டார்ஜிலிங்கில் வழக்கறிஞராகவும் பணியாற்றினார்.

அவர் எழுதத் தொடங்கியது இந்தியில். பிரேம்சந்த் நடத்திய 'ஹம்ஸ்' இதழ் அவர்தம் தொடக்கக் கதைகளை ஏற்று வெளியிட்டது. 1935இல் காத்மாண்டுவின் 'சாரதா' இதழில் 'சந்திரவதன்' என்னும் கதை வந்தபோது நேபாளி மொழி அவரைத் தன் மகனாக ஏற்றுக்கொண்டது. அறம் புகட்டுவதே கதையின் கடன் என்றிருந்த காலத்தில், பெண்ணின் உள்ளத்து ஆசையையும் ஆணின் தடுமாற்றத்தையும் தீர்ப்புக் கூறாமல் எழுதினார். பிராய்டின் உளவியல் நேபாளிக் கதைக்குள் நுழைந்தது அவர் வழியாகவே என்று ஆய்வாளர் கூறுவர்.

இந்திய விடுதலைப் போரில் அவர் விருந்தாளியாக நின்றவர் அல்லர். 1930இலேயே ஆங்கில அரசு அவரைச் சிறைக்கு அனுப்பியது. 1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது கைதாகி 1945 வரை சிறையில் கழித்தார். ஜெயப்பிரகாஷ் நாராயணும் ராம் மனோகர் லோகியாவும் அவருக்குக் கட்சித் தோழர்கள் என்பதைவிட உடன்பிறந்தார் என்பதே பொருந்தும். அதே ஆண்டுகளில் அவர் தந்தை காத்மாண்டுவில் ராணாக்களின் சிறையில் உயிர் நீத்தார். மகன் ஆங்கிலேயர் சிறையில், தந்தை ராணாவின் சிறையில். இந்தியா விடுதலை பெறாமல் நேபாளம் விடுதலை பெறாது என்ற முடிவுக்கு வர அவருக்குப் புத்தகங்கள் தேவைப்படவில்லை.

1947 சனவரியில் கல்கத்தாவில் நேபாளி தேசிய காங்கிரஸ் பிறந்தது. அதற்கு இரண்டு மாதம் கழித்து விராட்நகர் சணல் ஆலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. அதில் கலந்துகொண்ட பி.பி.யைக் கைது செய்து, மலைப் பாதைகளின் வழியே காத்மாண்டு வரை நடத்தியே கொண்டு சென்றனர். காந்தியடிகள் தலையிட்ட பின் ஆகஸ்ட்டில் விடுவித்தனர். மறு ஆண்டு மறைவாகத் தலைநகருக்குள் நுழைந்தபோது மீண்டும் பிடிபட்டார். சிறையில் அவர் மேற்கொண்ட உண்ணாநோன்பு 1949 மே மாதத்தில் உயிருக்கு ஆபத்தான கட்டத்தை அடைந்தது. டில்லியில் நேபாளத் தூதரகத்தின் முன் ஆர்ப்பாட்டம் நடத்திய லோகியா கைதானார். விடுதலை பெற்ற இந்தியாவில் லோகியா சிறை புகுந்தது நேபாளத்துக்காக என்பது பலரும் மறந்துவிட்ட செய்தி.

லோகியாவைச் சிறையிலிட்டதும் நேருவின் அரசே. நேபாளத்தில் மாற்றம் வேண்டும் என்று ராணாக்களை நெருக்கியதும் அதே அரசே. 1950 சூலை 31இல் அந்த அரசு ராணாக்களோடு சமாதான நட்புறவு ஒப்பந்தமும் செய்துகொண்டது. சீனப் படை திபெத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த நேரம். டில்லிக்கு வடஎல்லையில் அமைதியும் வேண்டும். தனக்கு இணக்கமான ஆட்சியும் வேண்டும். நேபாளத்தில் மக்களாட்சி என்பது இவ்விரண்டுக்கும் அடுத்த மூன்றாவது விருப்பமாகவே இருந்தது. இந்த வரிசை முறையை முதலில் உணர்ந்தவர்களுள் பி.பி. ஒருவர்.

அவ்வாண்டு நவம்பர் 6ஆம் நாள் மன்னர் திரிபுவன் தம் குடும்பத்துடன் காத்மாண்டுவின் இந்தியத் தூதரகத்துக்குள் அடைக்கலம் புகுந்தார். சில நாளில் விமானமேறி டில்லி சென்றார். நேபாளி காங்கிரசின் விடுதலைப் படை எல்லை நகரங்களைத் தாக்கியது. பீர்கஞ்சு வீழ்ந்தது, விராட்நகரில் கடும் போர் நடந்தது. போராட்டம் பரவிக்கொண்டிருந்தபோதே டில்லியில் உடன்பாடு தயாராயிற்று. மன்னரும் ராணாக்களும் இந்திய அரசும் பேசி முடித்த ஏற்பாட்டைப் போரிட்டவர்கள் பிறகே கேட்டறிந்தனர். போரை நிறுத்தும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டது. 1951 பிப்ரவரி 18இல் திரிபுவன் ராணா ஆட்சியின் முடிவை அறிவித்தார். ஆனால் அமைந்த கூட்டு அமைச்சரவையின் தலைவர் அதே மோகன் சம்சேர் ராணா. பி.பி. உள்துறை அமைச்சர்.

அந்த ஒன்பது மாதம் அவர்தம் வாழ்வில் பெருமை சேர்த்த பகுதியன்று. உடன்பாட்டை ஏற்க மறுத்துக் கிளர்ந்த கே.ஐ. சிங்கை அடக்க இந்தியப் படையின் துணை நாடப்பட்டது. அப்போது உள்துறை பி.பி.யின் கையில் இருந்தது. காத்மாண்டுவில் ஊர்வலம் சென்ற மாணவர் ஒருவர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். எதிர்ப்புக்குரலைக் காக்கப் பிறந்த கட்சியின் அமைச்சர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. நவம்பரில் அமைச்சரவை கலைந்தது. அடுத்துப் பிரதமரானவர் பி.பி. அல்லர், அவருடைய மாற்றாந்தாய் மகனாகிய அண்ணன் மாத்ருகா பிரசாத். அரண்மனையும் இந்தியத் தூதரகமும் வளைந்துகொடுப்பவரையே விரும்பின என்று பி.பி. உறுதியாக நம்பினார். இந்தியத் தூதர் சி.பி.என். சிங் நேபாள அரசின் உள்விவகாரங்களில் எடுத்துக்கொண்ட உரிமையை அவர் ஒருபோதும் மன்னிக்கவில்லை. இரு சகோதரர்களுக்கிடையே விழுந்த பிளவு கட்சியையும் பிளந்தது.

1952இல் இந்திய இராணுவக் குழு காத்மாண்டு வந்தது. வடஎல்லைக் காவல் நிலையங்களில் இந்தியர் அமர்த்தப்பட்டனர். 1954 ஏப்ரலில் மாத்ருகாவின் அரசு கோசி ஆற்று உடன்பாட்டில் ஒப்பமிட்டபோது, ஆற்றையே கொடுத்துவிட்டார்கள் என்ற குரல் எழுந்தது. காத்மாண்டுத் தெருக்களில் இந்திய எதிர்ப்பு ஓர் அரசியல் நாணயமாகச் செல்லுபடியாகத் தொடங்கியது இக்காலத்தில்தான். அந்த நாணயத்தைப் பின்னர் மிகுதியாகச் சேர்த்து வைத்துக்கொண்டவர், 1955இல் அரியணை ஏறிய மன்னர் மகேந்திரர்.

வாக்களித்த தேர்தல் வாக்களித்தபடி நடைபெற எட்டு ஆண்டுகள் ஆயின. 1959 பிப்ரவரியில் தொடங்கிய முதல் பொதுத்தேர்தலில் 109 இடங்களுள் 74ஐ நேபாளி காங்கிரஸ் வென்றது. முன்னாள் பிரதமர்களான டங்க பிரசாத் ஆசாரியாவும் கே.ஐ. சிங்கும் தோற்றனர். மே 27இல் பி.பி. பிரதமரானார். துவாரிகா தேவி டகுராணி அமைச்சரவையில் இடம்பெற்று, நேபாளத்தின் முதல் பெண் அமைச்சர் என்ற பெயர் பெற்றார். ராணாக்களும் உயர்குடியினரும் வரியின்றி அனுபவித்துவந்த 'பிர்த்தா' நிலமானியங்களை ஒழிக்கும் சட்டம் அவ்வாண்டே வந்தது. நிலம் இழந்தவர்கள் அரண்மனை வாயிலில் கூடினர். அங்கே அவர்களுக்கு வரவேற்பும் இருந்தது.

பி.பி.யின் பதினெட்டு மாத அயலுறவை நெருங்கிப் பார்ப்பது தகும். இந்தியாவின் நண்பர் என்று உலகம் நினைத்த மனிதர், அந்த நட்பின் எல்லைக் கோட்டை அங்குலம் அங்குலமாக வரைந்தது இக்காலத்தில்தான். 1959 நவம்பரில் நேரு இந்திய நாடாளுமன்றத்தில், நேபாளத்தின் மீதோ பூட்டானின் மீதோ நடக்கும் தாக்குதல் இந்தியாவின் மீதான தாக்குதலாகக் கருதப்படும் என்றார். நல்லெண்ணத்தில் பிறந்த சொல்தான். ஆயினும் சில நாளில் காத்மாண்டுவிலிருந்து விளக்கம் வந்தது. நேபாளம் முழு இறைமையுள்ள நாடு. உதவி தேவையா என்பதை அதுவே முடிவு செய்யும். கேளாமல் எவரும் வந்துவிட முடியாது. இக்கருத்தைச் சினமின்றிச் சொன்னவர், தம் இளமையைக் காசியிலும் இந்தியச் சிறைகளிலும் கழித்த மனிதர்.

அடுத்த மாதமே, டிசம்பர் 4ஆம் நாள், கண்டகி ஆற்று உடன்பாட்டில் அவர் அரசு ஒப்பமிட்டது. அணையின் செலவு இந்தியாவுடையது. நீரும் மின்சாரமும் நேபாளத்துக்கும் பங்கு. கோசி உடன்பாட்டை எதிர்த்த பி.பி. கண்டகியை ஏற்றதேன் என்று எதிர்க்கட்சியினர் தெருவில் இறங்கினர். இறைமை என்பது கதவை அடைத்துக்கொள்வது அன்று என்பது அவர் நிலைப்பாடு. ஆனால் அவ்வுடன்படிக்கையின் பயன் எந்தப் பக்கம் சாய்ந்தது என்ற வாதம் நேபாளத்தில் இன்றும் ஓயவில்லை. அந்தக் குறையை அவர் கணக்கிலும் எழுதத்தான் வேண்டும். 1960 செப்டம்பரில் இந்தியாவுடன் செய்த வணிக, போக்குவரவு உடன்படிக்கை வேறு வகை. 1950ஆம் ஆண்டின் பழைய ஏற்பாட்டில் இறுக்கிக் கட்டப்பட்டிருந்த நேபாள வணிகம் தன் வெளிநாட்டுச் செலாவணியைத் தானே கையாளும் உரிமையை இதன் வழியே பெற்றது. ஓசையற்ற வெற்றி, கவிதை பாட ஏற்றதன்று, ஆனால் நாடுகள் நிமிர்வது இத்தகைய பத்திகளால்தான்.

வடக்குப் பாறையுடன் அவர் நடந்துகொண்ட விதம் இன்னும் நுட்பமானது. 1959 மார்ச்சில் திபெத்துக் கிளர்ச்சி நசுக்கப்பட்டுத் தலாய் லாமா இந்தியா வந்திருந்தார். அகதிகள் நேபாள மலைகளிலும் இறங்கினர். அந்நிலையில் 1960 மார்ச்சில் பி.பி. பீகிங் சென்றார். எல்லையை வரையறுக்கக் கூட்டுக் குழு அமைக்கவும், எல்லையின் இருபுறமும் 20 கிலோமீட்டருக்குள் படை நிறுத்தாதிருக்கவும் உடன்பாடு ஆயிற்று. பத்துக் கோடி இந்திய ரூபாய் மதிப்புள்ள உதவியும் கிடைத்தது. பேச்சு எவரெஸ்டை அடைந்தபோதுதான் தடுமாற்றம். நேபாளியர் சகர்மாதா என்றும் திபெத்தியர் சோமோலுங்மா என்றும் போற்றும் அச்சிகரத்தை இரு நாடும் ஆளுக்குப் பாதியாகக் கொண்டு நட்பின் சிகரம் எனப் பெயரிடலாம் என்று மா சேதுங்கே எடுத்துரைத்தார். அறுபத்தைந்து கோடி மக்களின் தலைவர் எதிரே, ஒரு கோடிக்கும் குறைவான மக்களின் பிரதமர். பி.பி. இசையவில்லை. நாடு திரும்பியதும் அச்சிகரம் நேபாளத்துக்கு உரியது என்று வெளிப்படையாகவே அறிவித்தார். ஏப்ரலில் சூ என்லாய் காத்மாண்டு வந்து நட்புறவு உடன்படிக்கையில் ஒப்பமிட்டார்.

மை உலர்ந்து இரண்டு மாதந்தான். சூன் 28இல் முஸ்தாங் எல்லையில் சீனப் படையினர் சுட்டதில் நேபாள அதிகாரி ஒருவர் இறந்தார். பலர் பிடித்துச் செல்லப்பட்டனர். காத்மாண்டு கண்டனம் தெரிவித்தது. படை விலக்க உடன்பாடு மீறப்பட்டதைச் சுட்டிக்காட்டியது. பிடிபட்டவர்கள் திரும்பினர், சீனம் வருத்தம் தெரிவித்து 50,000 ரூபாய் ஈடும் தந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் நின்று, அச்சபையில் சீன மக்கள் குடியரசுக்கு இடம் வேண்டும் என்று வாதாடியவரும் பி.பி.யே. ஒரு நாட்டோடு சண்டையிட வேண்டிய இடத்தில் சண்டையிட்டு, அதன் நியாயத்தை நியாயம் என்று சொல்ல அவருக்குத் தயக்கம் இருந்ததில்லை. பாகிஸ்தானோடும் இஸ்ரேலோடும் நேபாளம் தூதுறவு கண்டதும் அவ்வாண்டே. டில்லிக்கு இவை எல்லாமே உவப்பாக இருந்தன எனக் கூற முடியாது.

டிசம்பர் 15ஆம் நாள் காத்மாண்டுவில் இளைஞர் மாநாடு ஒன்றின் மேடையில் பி.பி. இருந்தார். படையினர் வந்தனர். பிரதமரையும் அமைச்சர்களையும் அழைத்துச் சென்றனர். மகேந்திரர் அமைச்சரவையைக் கலைத்தார்; நாடாளுமன்றத்தையும் கலைத்தார்; பின்னர்க் கட்சிகளைத் தடை செய்தார். மேலை நாட்டு மக்களாட்சி நேபாள மண்ணுக்கு ஒவ்வாது என்றும், இம்மண்ணுக்கு ஏற்றது பஞ்சாயத்து முறையே என்றும் அறிவிக்கப்பட்டது. சீனத்திடம் சிகரத்தையும் இந்தியாவிடம் இறைமையையும் விட்டுக்கொடுக்காத பிரதமர்மீது தேசத்துரோகச் சாயம் பூசப்பட்டதே அந்த நாளின் பெரிய கேலிக்கூத்து.

நேரு வருந்தினார், மக்களாட்சிக்குப் பின்னடைவு என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். துணைப்பிரதமர் சுவர்ண சம்சேர் அவ்வேளை கல்கத்தாவில் இருந்ததால் தப்பினார். அவர் தலைமையில் நேபாளி காங்கிரசின் தொண்டர்கள் இந்திய எல்லையிலிருந்து ஆயுதத் தாக்குதல் தொடங்கினர்; இந்தியா கண்டும் காணாதிருந்தது. மகேந்திரரோ வடக்கே திரும்பினார். 1961இல் காத்மாண்டுவிலிருந்து கோதாரி எல்லைக்குச் சாலை அமைக்கச் சீனத்துடன் உடன்பாடு செய்தார். 1962 இலையுதிர் காலத்தில் ரக்சால் வழியே நேபாளத்துக்குச் சரக்குப் போவது அறிவிப்பின்றி நின்றது. அரண்மனை தள்ளாடிய வேளை. அக்டோபர் 20இல் இமயத்தின் மறுகோடிகளில் இந்திய-சீனப் போர் மூண்டது. நேபாள மன்னரின் நட்பு டில்லிக்கு ஒரே இரவில் இன்றியமையாததாயிற்று. சுவர்ண சம்சேரிடம் போராட்டத்தை நிறுத்தும்படி கேட்டுக்கொள்ளப்பட்டது; நவம்பரில் அவர் நிறுத்தினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் டில்லியில் நடந்தது மீண்டும் நடந்தது. அண்டை நாட்டின் தோளில் வைத்துச் சுடும் துப்பாக்கி, அந்தத் தோள் அசைந்தால் குறி தவறிவிடும்.

இதைச் சுந்தரிஜலில் பி.பி. சிந்திக்க நேரம் நிறைய இருந்தது. காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் ஓரத்தில் அருவியும் காடும் சூழ்ந்த இடம் அது. அங்குள்ள படை முகாமில் விசாரணையின்றி எட்டாண்டுகள் அவரை அடைத்து வைத்தனர். உடனிருந்தவர் கணேஷ் மான் சிங். பிரதமராக இருந்தவருக்குக் கதை எழுத நேரமில்லை. கைதியாக இருந்தவருக்கு வேறு வேலையில்லை. 'மூன்று திருப்பங்கள்' எனப் பொருள்படும் 'தீன் கும்தி', 'நரேந்திர தாய்', 'சும்னிமா', 'மோதியாயின்' முதலிய நாவல்கள் அச்சிறையின் விளைச்சல்கள்.

கவிஞர்களும் கதைஞர்களும் வியக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. மன்னரால் பதவி பறிக்கப்பட்டுச் சிறையில் வாடும் அரசியல் தலைவர் எழுதிய அந்த நாவல்களில் கொடுங்கோல் மன்னனைத் தேடினால் கிடைக்கமாட்டான். பிரசார வாடையே இல்லை. அரசியலில் தாம் சோசலிசவாதி என்றும் எழுத்தில் எந்த ஆட்சிக்கும் கட்டுப்படாதவர் என்றும் அவர் சொல்லிக்கொண்டது உண்டு. 'தீன் கும்தி'யில் இந்திரமாயா என்னும் பெண், வாழ்வின் மூன்று திருப்பங்களில் தன் முடிவைத் தானே எடுக்கிறாள். பெற்றோரோ கணவனோ சமூகமோ அவளுக்காக எடுப்பதில்லை. 'சும்னிமா'வில் உடலை வெறுத்துத் தவம் செய்யும் அந்தணன் சோமதத்தனும், உடலை இயல்பாக ஏற்கும் கிராதப் பெண் சும்னிமாவும் எதிரெதிரே நிற்கின்றனர். இறுதியில் அவர்தம் பிள்ளைகள் மணந்துகொள்கின்றனர். 'மோதியாயின்' தர்பங்காவுக்குப் போகும் ஒரு சிறுவனின் கதையாகத் தொடங்கிக் குருட்சேத்திரத்தில் கணவனை இழந்த பெயரற்ற பெண்ணின் துயரத்துக்குள் இறங்குகிறது. பேரறம் நிலைநாட்டப் பெரியோர் நடத்தும் போரில் சிறியோருக்கு எஞ்சுவது என்ன என்று அந்தப் பெண் கேட்கிறாள். ஆயுதம் எடுத்த இயக்கத்தின் தலைவர் சிறையில் அமர்ந்து அக்கேள்வியை எழுதினார் என்பதை எண்ணினால், அது பிறரை நோக்கி மட்டும் எழுப்பிய கேள்வி அன்று என்பது விளங்கும்.

1968 மே மாதத்தில் சுவர்ண சம்சேர் மன்னருக்கு ஒத்துழைப்பு அளிப்பதாக அறிவித்தார். அக்டோபர் 30இல் பி.பி.யும் கணேஷ் மான் சிங்கும் விடுதலை ஆயினர். தொண்டையில் புற்றுநோய் வளர்ந்துகொண்டிருந்தது. மறு ஆண்டு மீண்டும் இந்தியா. மீண்டும் காசி, சாரநாத். தந்தையின் நாடுகடந்த வாழ்வு மகனிடம் திரும்பி வந்தது. பொறுமையிழந்த இளைஞர்கள் சூழ, அவரும் மறுபடி ஆயுதப் போராட்டத்துக்கே இசைந்தார். 1973 சூனில் விராட்நகரிலிருந்து புறப்பட்ட நேபாள விமானம் ஒன்று இந்தியப் பணத்துடன் கடத்தப்பட்டுப் பீகாரின் பார்பிஸ்கஞ்சில் இறக்கப்பட்டது. அதன் பின்னணியில் பி.பி.யின் தம்பி கிரிஜா பிரசாத் இருந்தார். 1974 இறுதியில் ஒக்கல்துங்கா மலைகளுக்குள் சென்ற குழு முறியடிக்கப்பட்டது. 'மோதியாயின்' எழுப்பிய கேள்விக்கு வரலாறு இப்படித்தான் விடை சொல்லியது. பிடிபட்ட யக்ய பகதூர் தாபாவுக்கும், வேறொரு வழக்கில் சிக்கிய பீம் நாராயண் சிரேஷ்டாவுக்கும் 1979இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அப்போது பி.பி. உயிரோடிருந்தார்.

1975 அவர் கண்ணைத் திறந்த ஆண்டு. மே மாதத்தில் சிக்கிம் இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. சூனில் இந்திரா காந்தி நெருக்கடி நிலையை அறிவித்தார். ஜெயப்பிரகாஷ் நாராயண் சிறை புகுந்தார். மக்களாட்சிக்கு அடைக்கலம் தந்த நாட்டில் மக்களாட்சியே தலைமறைவாயிற்று. அங்கே தங்கித் தம் நாட்டு மன்னரை எதிர்த்தால், எவர் ஆட்டத்தில் தாம் காயாக இருப்போம் என்ற ஐயம் அவரை அரித்தது. மன்னர் தேசியத்தைப் பேசி மக்களாட்சியை மறுக்கிறார்; தாம் மக்களாட்சியைப் பேசித் தேசத்தைப் பணயம் வைக்கலாமா? தேசிய நல்லிணக்கம் என்று அவர் பெயரிட்ட கொள்கை இங்கே பிறந்தது. மன்னரும் கட்சிகளும் ஒருவரையொருவர் அழிக்க முயன்றால் இழப்பு நாட்டுக்கே. ஆகவே போராட்டம் தாய்மண்ணில் நின்று, ஆயுதமின்றி நடைபெற வேண்டும் என்பது அதன் சாரம்.

தோழர்கள் பலர் தடுத்தனர். எட்டு வழக்குகள் வரை காத்திருந்தன. அவற்றுள் மரண தண்டனைக்குரியவை இருந்தன. 1976 டிசம்பர் 30இல் பி.பி.யும் கணேஷ் மான் சிங்கும் காத்மாண்டு விமான நிலையத்தில் இறங்கினர். அங்கேயே கைது. மறு ஆண்டு மருத்துவத்துக்காக அமெரிக்கா செல்ல மன்னர் பீரேந்திரர் இசைவளித்தார். போனவர் திரும்பமாட்டார் என்று அரண்மனையில் எதிர்பார்த்திருக்கக் கூடும். திரும்பி வந்தார், மீண்டும் கைதானார், 1978இல் வழக்குகளிலிருந்து விடுபட்டார்.

1979இல் மாணவர் கிளர்ச்சி தலைநகரைக் குலுக்கியது. மே 24ஆம் நாள் பீரேந்திரர் வானொலியில் பொதுவாக்கெடுப்பை அறிவித்தார்: சீர்திருத்திய பஞ்சாயத்து முறையா, பலகட்சி ஆட்சியா? தொண்டை அடைத்த குரலோடு பி.பி. ஊர் ஊராகச் சென்றார். 1980 மே 2இல் வாக்கெடுப்பு. பஞ்சாயத்துக்கு ஏறத்தாழ 55 விழுக்காடு, பலகட்சிக்கு 45. முறைகேடு நடந்தது என்று கட்சியினர் கொதித்தனர். தாமும் எதிர்பாராத முடிவே என்றாலும், மக்கள் தீர்ப்பாக அதை ஏற்பதாகப் பி.பி. அறிவித்தார். கட்சிக்குள்ளேயே அவரைக் கோழை என்றவர்கள் உண்டு. வென்றால் ஏற்பதும் தோற்றால் மறுப்பதும் மன்னரின் வழக்கம். தாம் அதைப் பின்பற்ற இயலாது என்பது அவர் நிலை. அதற்காக அவர் அடங்கிவிடவுமில்லை. கட்சி வழி போட்டியிட இடமில்லாத 1981ஆம் ஆண்டுத் தேர்தலைப் புறக்கணிக்கச் செய்தார்.

1982 சூலை 21இல் பி.பி. காத்மாண்டுவில் காலமானார். தடை செய்யப்பட்ட கட்சியின் தலைவரைப் பெருந்திரளான மக்கள் பசுபதிநாதர் கோயிலருகே உள்ள ஆரியகாட் வரை வழியனுப்பினர். எட்டு ஆண்டு கழித்து, 1990இல், கணேஷ் மான் சிங் தலைமையில் எழுந்த மக்கள் இயக்கத்தின்முன் பஞ்சாயத்து முறை வீழ்ந்தது. அதற்கு முந்திய ஆண்டில் இந்தியா எல்லை வழிகளை அடைத்திருந்தது. ஆயினும் இம்முறை போராட்டம் காத்மாண்டுத் தெருக்களில் நடந்தது, டில்லியின் அறைகளில் அன்று. பிரதமர் பதவியை மன்னர் கணேஷ் மான் சிங்குக்கே அளிக்க முன்வந்தார். அவர் வேண்டாம் என்றார். முடியாட்சி 2008இல் நீங்கியது.

இறப்பதற்கு முந்திய ஆண்டில், நண்பரும் வழக்கறிஞருமான கணேஷ் ராஜ் சர்மா ஓர் ஒலிப்பதிவுக் கருவியுடன் வந்து அமர்வார். கந்தல் துணிப் பொட்டலத்திலிருந்து தொடங்கி, நோயுற்ற தொண்டையால் பி.பி. தம் கதையைச் சொல்லிக்கொண்டே போனார். அந்த நாடாக்கள் 1998இல் 'ஆத்மவிருத்தாந்தம்' என்ற நூலாக வெளிவந்தன.